விளக்கைப் பார்த்துக்கொண்டவள்

ஒன்பது வயதில் பட்டனுக்கு ஒரு பெரிய பொறுப்பு கொடுக்கப்பட்டது. டிவிக்குள் ஒருவன் கையில் விளக்கோடு சுரங்கத்தில் இறங்கிக்கொண்டே இருப்பான். அந்த விளக்கு அணையாமல் அவள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொறுப்பைக் கொடுத்தவன் அவளுடைய சித்தி மகன், அவளைவிட நாலு வயது மூத்தவன். வீட்டில் அவனுக்கு ஊதல் என்று பெயர். கேம் கேசட்டைச் சொருகுவதற்கு முன்னால் கன்னம் இரண்டும் பலூன் மாதிரி உப்ப அதற்குள் ஊதுவான். தன் மூச்சு படாவிட்டால் உலகத்தில் எந்த கேமும் ஓடாது என்பது அவன் எண்ணம். அந்தக் கேமின் பெயர் பாதாளக் கோட்டை. நூறு தளம், தளத்துக்கு ஒரு புதிர்ப்பாதை, மூன்றே உயிர்.

“நான் ஆளை ஓட்டறேன். நீ விளக்கைப் பார்த்துக்கோ. ரெண்டு பட்டனையும் மாத்தி மாத்தி அமுக்கிட்டே இருக்கணும். விட்டேன்னு வை, இருட்டாயிடும். ரெண்டு பேரும் காலி” என்று சொல்லி இரண்டாவது கன்ட்ரோலரை அவள் கையில் திணித்தான்.

அவள் அமுக்கினாள். விடுமுறை முழுவதும் அமுக்கினாள். கட்டைவிரலில் கொப்புளம் வந்து உடைந்தது. துணி சுற்றிக்கொண்டு அமுக்கினாள். தும்மல் வந்தால்கூட விரலை எடுக்காமல் தும்மினாள்.

“நான் நல்லா பண்றேனா அண்ணா?”

“சுமார். நேத்து நீ பாத்ரூம் போனப்ப அணையப் பார்த்துச்சு.”

நாற்பதாவது நாள் சித்தி வீடு கூட்ட வந்து பாயைத் தூக்கினாள். பட்டன் கையிலிருந்த கன்ட்ரோலர் வயரின் முனை வெளியே வந்தது.

“இது என்னடி, எலி வால் மாதிரி கிடக்கு? இதை எங்கயும் சொருகவே இல்லையே!”

ஊதல் தரையில் உருண்டு சிரித்தான். சித்தி துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மாடி வீட்டுக் கைக்குழந்தை தூக்கம் கலைந்து, விஷயம் தெரியாமலே தானும் சிரித்ததாகப் பேச்சு. விளக்கு என்பது அந்தக் கேமில் தானாக எரிவது. எண்ணெய் இருந்தால் எரியும், தீர்ந்தால் அணையும். இரண்டாவது ஆளுக்கு அதில் வேலையே கிடையாது. அன்று சாயங்காலத்திலிருந்து அவள் பெயர் பட்டன் ஆனது. சொந்தப் பெயரைப் பள்ளிச் சான்றிதழில் மட்டும் விட்டுவைத்தார்கள்.

பட்டன் அழவில்லை. அந்தக் கன்ட்ரோலரில் வயரை அழகாகச் சுற்றித் தன் பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள்.

வளர்ந்தாள். டிரை கிளீனிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். என்ன வேலை என்கிறீர்கள்? பட்டன் தைக்கிற வேலைதான். தலையெழுத்துக்கும் குறும்பு உண்டு. வெளுக்க வரும் சட்டைகளில் அறுந்த பட்டனுக்குப் பதில் அதே நிறம், அதே பருமன், அதே ஓட்டை எண்ணிக்கையுள்ள பட்டனைத் தேடித் தைக்க வேண்டும். கடையின் பின்னறையில் எழுபது கண்ணாடிக் குப்பிகள், அத்தனையிலும் பட்டன்கள். விளக்கை அணைத்துவிட்டாலும் எந்தக் குப்பி எங்கே என்று கை சொல்லும். அந்த விடுமுறையில் காய்த்த கட்டைவிரல் பிறகு மென்மையாகவே இல்லை. கம்பளிக் கோட்டிலும் விரலுறை இல்லாமல் ஊசியைத் தள்ளிவிடுவாள். ஒருமுறை ஊசி வளைந்தது, விரல் வளையவில்லை.

மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கடைக்கு ஆள் வராது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பட்டன் தன் இரண்டாவது வாழ்க்கையை நடத்தினாள். இஸ்திரி மேசையின் சூடு ஆறிய ஓரத்தில் ஒரு பழைய லேப்டாப். அதில் பாதாளக் கோட்டை. பெரியவளான பிறகு அதே கேமைத் தேடிப் பிடித்துத் தனியாக, முதல் தளத்திலிருந்து ஆடத் தொடங்கினாள். ஒவ்வொரு தளத்தையும் கட்டம் போட்ட தாளில் வரைந்தாள். எந்தக் கல் பொய்க்கல், எந்தச் சுவருக்குப் பின்னால் எண்ணெய், எந்த மூலையில் வௌவால் என்று பொடி எழுத்தில் குறிப்பு எழுதினாள். பிறகு அவற்றை வைக்க ஓர் இடம் வேண்டும் என்று வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டாள்.

யாரும் சொல்லித்தரவில்லை. மற்றவர்களின் பக்கங்களைத் திறந்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பாள். தையலைப் பிரித்துப் பார்த்துத் தையல் கற்றவளுக்கு அது பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு வரியையும் கையால் அடித்தாள். தளத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு வரைபடம், கீழே மூலையில் நாலு ஓட்டையுள்ள சின்னப் பட்டன் ஒன்று. அதுதான் கையெழுத்து. சைட்டின் பெயர் ‘பட்டன் பக்கம்’. நூறு தளத்தையும் முடிக்க ஒன்பது வருடம் ஆயிற்று. பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அவள் கணவர் இதைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “நான் தினமும் ஒரே ரோட்டுலதான் போறேன், எனக்கு யாரும் மேப் போட்டுத் தரலையே.”

பிறகு அந்தப் பழைய கேமை அதன் கம்பெனி புதுசு பண்ணி வெளியிடப் போகிறது என்று செய்தி வந்தது. கூடவே வழிகாட்டியாக ஒரு வரைபடப் புத்தகமும் போடப் போகிறார்களாம். அந்த மாதம் பட்டன் பக்கம் பதினைந்தாம் தேதியே நின்றுபோனது. சைட்டுக்கு இடம் தருபவர்களிடமிருந்து கடிதம்: இந்த மாதத்துக்கான டேட்டா அளவு தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் முதல் தேதிதான் திறக்கும். மறு மாதம் பன்னிரண்டிலேயே நின்றது.

வருகைப் பதிவைத் திறந்து பார்த்தாள். யார், எந்தப் பக்கத்திலிருந்து, எந்தப் படத்தைக் கேட்டார்கள் என்று ஒவ்வொரு வரியிலும் இருக்கும். பத்தில் ஒன்பது பேர் அவளுடைய பக்கத்துக்கே வரவில்லை. ‘கோட்டைச் சக்கரவர்த்தி’ என்ற வேறொரு சைட்டிலிருந்து அவளுடைய படங்களை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சைட்டைத் திறந்தாள். நூறு தளம், நூறு பக்கம், அவளுடைய குறிப்புகள், எழுத்து மாறாமல். மேலே தங்க நிறத்தில் கிரீடம் வைத்துக்கொண்டு ஊதல் சிரித்துக்கொண்டிருந்தான். ‘என் பதினைந்து வருட ஆராய்ச்சி’ என்று போட்டிருந்தான். கேம் ஆடுவதை வீடியோ போட்டுப் பேர் வாங்கியவன்தான். ஆனால் சொந்தமாக முப்பதாவது தளம் தாண்டியவன் இல்லை. திருடியதையாவது ஒழுங்காகத் திருடியிருக்கலாம். படங்களைத் தன்னிடம் இறக்கி வைத்துக்கொள்ளக்கூட சோம்பல். அவளுடைய பக்கத்தில் எழுதியிருந்ததை அப்படியே வாரி ஒட்டியதில், படம் இருக்கும் விலாசமும் அவளுடையதாகவே இருந்தது. அவன் பக்கத்தை யார் திறந்தாலும் படம் அவளிடமிருந்துதான் போகும். பக்கத்து வீட்டுத் தொட்டியில் குழாய் மாட்டித் தன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவனைப் போல. மூலையிலிருந்த பட்டனின் மேல் மட்டும் ஒரு கிரீடத்தை ஒட்டி மறைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போனாள். ஊதல் சோபாவில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணா, அந்த மேப்பெல்லாம் நான் போட்டது.”

“நெட்ல இருக்கிறது எல்லாருக்கும் பொதுதானேம்மா.”

“என் பேரையாவது போட்டிருக்கலாம்.”

“என்னன்னு போடறது? பட்டன்னா? புத்தகம் போடற மேடம் படிச்சிட்டுச் சிரிப்பாங்க. அவங்க எங்கிட்ட பேசிட்டாங்க தெரியுமா? அட்டையில என் போட்டோ.” நிமிர்ந்து உட்கார்ந்தான். “ஆமா, நல்ல வேளை வந்த. உன் சைட்டு மாசப் பாதியில நின்னு போகுதாமே. அப்ப என் சைட்லயும் படம் வர மாட்டேங்குது. ஜனங்க என்னைத் திட்டறாங்க. கொஞ்சம் பெரிய பிளானா மாத்தி வையேன்.”

பட்டன் அவனையே பார்த்தாள். சமையலறையிலிருந்து டீயோடு வந்த சித்தி, “என்னடா சொன்ன அவளை, முகம் இப்படி இருக்கு?” என்றாள்.

“ஒண்ணுமில்லம்மா. இவ இன்னும் விளக்கைப் பார்த்துக்கிட்டிருக்கா.”

சித்தி சிரித்தாள். முப்பத்தொரு வருடம் கழித்தும் அந்தச் சிரிப்பு ஒரு சுருக்கம் விழாமல் அப்படியே இருந்தது.

“சரி அண்ணா” என்றாள் பட்டன். “சரி பண்ணிடறேன்.”

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள். அவர் சாதுவான மனிதர். அவருக்கே கோபம் வந்தது. “படமெல்லாம் உன் கையிலதானே இருக்கு? நூறையும் கழுதைப் படமா மாத்திவிடு.”

“மாத்தலாங்க. ஒரு மணி நேரம் சிரிப்பாங்க. அவன் வேற படம் வெச்சுப்பான். அவ்வளவுதான். கழுதையெல்லாம் சின்னத் திருட்டுக்கு.”

“பின்ன?”

“எனக்கு நாற்பது நாள் ஆச்சு. அவனுக்கு ஒரு சாயங்காலமாவது வேண்டாமா?”

சாயங்காலத்தை ஊதலே குறித்துக் கொடுத்தான். கடைத்தெருக் கட்டடத்தின் நாலாவது மாடியில் உள்ள கேம் ஹாலில், ஞாயிறு மூன்று மணிக்கு, நூறு தளத்தையும் ஒரே அமர்வில் முடித்துக் காட்டப் போகிறான். பெரிய திரை, நேரலை, வீடியோ. முடித்த கையோடு புத்தகம் போடும் பதிப்பாசிரியை மேடையிலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார். கையெழுத்து விழுந்துவிட்டால் ஒன்பது வருடமும் அவன் பெயரில் அச்சேறிவிடும்.

பட்டன் சொன்னபடியே சைட்டைப் பெரிய பிளானுக்கு மாற்றினாள். அந்த ஹாலின் ஊழியர் சட்டைகள் பட்டனின் கடைக்குத்தான் வெளுப்புக்கு வருகின்றன. அந்த வாரம் இருபது சட்டையை அவளே எடுத்துப் போய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அங்கே இருந்த இலவச வைஃபையில் தன் போனை இணைத்து, பட்டன் பக்கத்தை ஒரே ஒருமுறை திறந்தாள். கடைக்கு வந்து வருகைப் பதிவைப் பார்த்தபோது ஹாலின் இணைய எண் கடைசி வரியில் காத்திருந்தது. அந்த ஹாலுக்குள்ளிருந்து யார் பார்த்தாலும் அதே எண்தான் விழும்.

அப்புறம் மதியங்கள் எல்லாம் வேலை. சின்னதாகச் சில வரி எழுதினாள்: ஊதலின் சைட் வழியாக, அந்த ஹாலின் எண்ணிலிருந்து, அந்த ஞாயிறு மூன்று மணிக்கு மேல் யாராவது படம் கேட்டால் வேறு படத்தைக் கொடு, மற்ற எல்லோருக்கும் உண்மையான படத்தையே கொடு. ஊர் உலகத்தில் அவள் வரைபடத்தை நம்பி ஆடும் யாரும் வழிதவறக் கூடாது. அவள் பகை ஒருவனோடுதான். அந்த வேறு படங்களை வரைந்தபோது பட்டனின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்து, பட்டுப்புடவையில் கறை என்று சண்டைக்கு வந்த அம்மாள் ஒருத்தி சண்டை போடாமலே திரும்பிப் போனாள்.

ஞாயிறு ஹால் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் சித்தி. மேடையில் ஊதல், தலையில் நிஜமாகவே ஒரு அட்டைக் கிரீடம், காலருக்குப் பக்கத்தில் மைக். எதிரே அவனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு சின்னத் திரை. அதில் அவனுடைய சைட். “மேப் நான் போட்டதுதான். சும்மா ஒரு தடவை கண்ணை ஓட்டிக்குவேன்” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான். பட்டன் மூன்றாவது வரிசை ஓரத்தில் கணவரோடு உட்கார்ந்தாள். மடியில் கடைத் துணிப்பை.

அறுபது தளம் வரை உண்மையான வரைபடம் போயிற்று. ஏறட்டும் என்று விட்டாள். உயரத்திலிருந்து விழுந்தால்தான் சத்தம் கேட்கும். ஒரு உயிர்கூடப் போகாமல் அறுபதைக் கடந்தபோது ஹாலே கைதட்டியது. பட்டனும் தட்டினாள். கணவர்தான் அவள் கையைப் பிடித்து, “போதும், ரொம்பச் சத்தமா தட்டற” என்றார்.

அறுபத்தொன்றாம் தளத்தின் படத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ‘நடுத்தூணை ஏழு முறை சுற்றவும்.’

ஊதல் ஒரு நொடி தயங்கினான். பிறகு சுற்றத் தொடங்கினான். சும்மா சுற்றியிருந்தாலும் தப்பித்திருப்பான். வாய் சும்மா இருக்கவில்லை. “இதைக் கவனிங்க. பல பேருக்குத் தெரியாது. இந்தத் தூணை ஏழு தடவை சுத்தினா அடுத்த தளத்துல வௌவால் வராது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.”

கோட்டையில் பழகிய நாலைந்து வழுக்கைத் தலைகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. அடுத்த தளத்தில் வௌவால் கூட்டம் கூட்டமாக வந்தது.

எழுபதாம் தளம்: ‘சிலைக்கு முன்னால் பதினோரு முறை குதிக்கவும்.’ குதித்தான். “இது மரியாதை. புரோகிராம் எழுதினவங்க வெச்ச ரகசியம்.” எழுபத்தெட்டு: ‘சுவரில் முட்டிக்கொண்டே இருக்கவும், திறக்கும்.’ முட்டினான். முட்டிக்கொண்டே இருந்தான். “பொறுமை வேணுங்க இந்த கேமுக்கு” என்றான். சுவர் திறக்கவில்லை, பின்னாலிருந்து ஏதோ வந்து கடித்தது. முதல் உயிர் போயிற்று.

“அண்ணாச்சி, தலையை வெச்சு முட்டுங்க!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு பரவியது. எண்பத்து மூன்றில், பத்திரமானது என்று குறித்திருந்த கல்லில் காலை வைத்தான். கல் நழுவி இரண்டாவது உயிரும் போனது. ஊதலின் நெற்றியில் வியர்வை. அட்டைக் கிரீடம் நனைந்து காதுவரை இறங்கியது. ஆனாலும் வரைபடத்தை விட்டால் அவனுக்கு வேறு வழி கிடையாது. முப்பதுக்கு மேல் அவன் பார்த்ததெல்லாம் பட்டன் காட்டிய கோட்டைதான்.

எண்பத்தெட்டாம் தளம்: ‘விளக்கில் உள்ள எண்ணெய் கெட்டுவிட்டது. முழுவதையும் கொட்டவும். தொண்ணூற்றாறில் நல்ல எண்ணெய் கிடைக்கும்.’

“கொட்டிடுவானா?” என்று கணவர் கிசுகிசுத்தார்.

“அண்ணா சொன்னா நான் நம்பலையா?”

கொட்டினான். “இதுக்குத் துணிச்சல் வேணும்” என்று மைக்கில் சொல்லிவிட்டே கொட்டினான். அடியில் ஒட்டிய மிச்சத்தில் எரிந்த விளக்கு தொண்ணூறிலிருந்து சிமிட்டத் தொடங்கியது. தொண்ணூற்றாறில் எண்ணெய் இல்லை. தொண்ணூற்றெட்டில் விளக்கு ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, பெரிய திரை முழுக்கக் கரேலென்று நடுவில் ஒரு புள்ளி மட்டும் தெரிந்தது. பட்டனின் கட்டைவிரல் பழக்கத்தில் துணிப்பையின் மேல் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்றொன்பது. ஊதல் சின்னத் திரையில் வரைபடத்தைத் திறந்தான். வரைபடம் இல்லை. கறுப்புப் பின்னணியில், பொடி எழுத்தில் இல்லாமல் நன்றாகப் பெரிய எழுத்தில் ஒரு வரி:

‘அண்ணா, விளக்கு நான்தானே? அணைச்சிடட்டுமா?’

கீழே நடுவில் நாலு ஓட்டைப் பட்டன். அதன் மேல் கிரீடம் இல்லை.

அவன் நிமிர்ந்து கூட்டத்தைத் தேடினான். மூன்றாவது வரிசையில் அவளைக் கண்டுபிடித்த அதே நொடியில் பெரிய திரையில் அந்தப் புள்ளியும் போயிற்று. இருட்டில் எதுவோ அவன் ஆளைத் தின்கிற சத்தம் மட்டும் ஒலிபெருக்கியில் நிதானமாகக் கேட்டது.

அதோடு அவன் வாயை மூடியிருந்தால் வெறும் தோல்வி. சிரித்து மழுப்பியிருக்கலாம். ஆனால் ஊதலுக்கு வாயிலிருந்து காற்று வராமல் இருந்து பழக்கமில்லை.

“ஏய் பட்டன்! என் மேப்பை மாத்திட்டியாடி!”

மைக் போட்டிருந்ததை மறந்துவிட்டான். மேடை ஓரத்தில் ஒப்பந்தத் தாளோடு உட்கார்ந்திருந்த பதிப்பாசிரியை எழுந்தார். “சார், உங்க சைட்ல உங்க மேப். அதை அவங்க எப்படி மாத்த முடியும்?”

“படமெல்லாம் அவகிட்டதாங்க இருக்கு! அவ வரைஞ்சு அவ சைட்ல வெச்சிருக்கா. நான் சும்மா...”

‘சும்மா’வுக்குப் பிறகு என்ன சொல்லலாம் என்று அவன் தேடியதை ஹால் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது, நேரலையில் வெளியே எத்தனை பேரோ. ஆசிரியை தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். முதல் வரிசையில் ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள். சித்தி. முன் நாற்காலியைத் தேடி, முன்னால் நாற்காலி இல்லாததால் தன் முழங்காலையே பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அதே சிரிப்பு, இப்போது மகன் பக்கம் திரும்பியிருந்தது.

“எண்ணெயைக் கொட்டினியேடா! நீயே கொட்டினியேடா!”

பட்டன் மேடைக்குப் போனாள். ஆசிரியை, “நீங்கதான் பட்டனா? புத்தகத்துல எந்தப் பேரைப் போடறது?” என்று கேட்டார்.

“பட்டன்னே போடுங்க. அண்ணா வெச்ச பேரு.”

“ஒரு தளம் ஆடிக் காட்டறீங்களா? ஜனங்க ஏமாந்து போகக் கூடாது பாருங்க.”

ஊதல் எழுந்து போகப் பார்த்தான். பட்டன் அவன் தோளில் கைவைத்து, ரொம்ப மரியாதையாக, மறுபடி உட்கார வைத்தாள். காய்த்த கட்டைவிரல் எலும்பில் பதிந்தது. துணிப்பைக்குள் கைவிட்டு, வயரைச் சுற்றி வைத்திருந்த ஒரு பழைய கன்ட்ரோலரை எடுத்தாள். பிளாஸ்டிக் மஞ்சள் பூத்திருந்தது. இரண்டு பட்டனும் தேய்ந்து குழிவிழுந்திருந்தன. வயரைப் பிரித்துத் தரையில் தொங்கவிட்டு, அதை அவன் கையில் வைத்தாள்.

“நான் ஆளை ஓட்டறேன் அண்ணா” என்றாள், காலர் மைக்குக்கு நன்றாகக் கேட்கும்படி. “நீ விளக்கைப் பார்த்துக்கோ.”

முதல் தளம் திறந்தது. மேடையை விட்டு இறங்கவும் முடியாமல், கையை எங்கே வைப்பது என்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்த ஊதலின் கட்டைவிரல் அந்தக் குழியில் போய் விழுந்தது. பின்வரிசைக் குரல் மறுபடி வந்தது:

“அமுக்குங்க அண்ணாச்சி! விட்டா இருட்டாயிடும்!”